குரு இல்லாத இரண்டு ஆண்டுகள்: சிட்னி கத்தோலிக்கர், 1818–1820

1818 மே மாதம் சிட்னியிலிருந்த ஒரே கத்தோலிக்கக் குருவைக் கைது செய்து கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த குருக்கள் வந்து இறங்கியது 1820 மே மாதம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அங்கிருந்த கத்தோலிக்கர் வழக்கமான திருப்பலியும் (பூசை) பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் நற்கருணையை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை, வைத்துக் காத்து, அதைச் சுற்றிக் கூடி ஜெபித்துவந்தார்கள். அது எப்படி நேர்ந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள், அதனால் என்ன ஆனது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. அதிகாரத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன். வீட்டைத் திறந்து கொடுத்தவர்களும் அங்கே வந்து போனவர்களும் பெரும்பாலும் எளிய மக்கள். அவர்களை அப்படியே பெயரின்றி விடுகிறேன்.

பின்னணி

1788 ஜனவரியில், பிரிட்டன் தன் கைதிகளை அனுப்பிய ஆஸ்திரேலியக் குடியேற்றமான நியூ சவுத் வேல்ஸுக்கு முதல் கப்பல் தொகுதி வந்தபோது அதில் புரொட்டஸ்டன்ட் பிரிவான இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) குருவான ரிச்சர்ட் ஜான்சன் மட்டுமே இருந்தார். கைதிகளில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். தங்கள் சொந்தச் செலவிலேயே வரத் தயாராக இருந்த கத்தோலிக்கக் குருக்களுக்கு லண்டன் அனுமதி கொடுக்கவில்லை. 1791இல் அயர்லாந்திலிருந்து நேரடியாக முதல் கைதிக் கப்பல் வந்தது. அதற்கப்புறம் ஐரிஷ் கத்தோலிக்கரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

அவர்களுக்கு ஞாயிறு என்றால் கட்டாயம். கைதிகள் வரிசையாக நிறுத்தி எண்ணப்பட்டு, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். போகாவிட்டால் தண்டனை உண்டு. அநாதைப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் பெற்றோர் எந்தச் சமயமானாலும் புரொட்டஸ்டன்ட்டுகளாகவே வளர்க்கப்பட்டார்கள். திருமணமும் அரசின் குருமார் கையில்தான். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதைக் கண்டித்து 1810இல் கவர்னர் லாக்லன் மக்குவாரி அறிக்கை வெளியிட்டார். கத்தோலிக்க ஜோடிகளோ தங்கள் குரு இல்லாமல் மணம் முடிக்கத் தயங்கினார்கள். வீட்டுக்குள் தினமும் உறுத்திய குறை இது.

சிட்னிக்கு அருகிலுள்ள பரமட்டாவில் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவும் நீதிபதியாகவும் இருந்த சாமுவேல் மார்ஸ்டன், கத்தோலிக்க வழிபாட்டை அனுமதித்தால் ஓராண்டுக்குள் குடியேற்றமே பிரிட்டன் கையைவிட்டுப் போய்விடும் என்று வாதிட்டவர். 1798 அயர்லாந்துக் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட நூற்றுக்கணக்கானோர் அங்கே இருந்தார்கள். ஐரிஷ்காரர்கள் கூடினாலே சதி என்று பார்க்கும் பழக்கம் அதிகாரிகளிடம் ஊறியிருந்தது.

முன்பு ஒருமுறை கிடைத்ததும் பறிபோனதும்

அந்தக் கிளர்ச்சியின் பெயரால் மூன்று குருக்களும் கைதிகளாக வந்து சேர்ந்தார்கள்: ஜேம்ஸ் ஹெரால்டு, ஜேம்ஸ் டிக்சன், பீட்டர் ஓநீல். 1803இல் கவர்னர் கிங், டிக்சனுக்கு நிபந்தனை விடுதலை கொடுத்து, பொதுத் திருப்பலி நிறைவேற்ற அனுமதித்தார். 1803 மே 15 அன்று சிட்னியில் அது நடந்தது. சிட்னி, பரமட்டா, ஹாக்ஸ்பரி என்று மூன்று இடங்களுக்கு முறை வைத்து வழிபாடு நடக்கும். கூட்டத்தின் நடத்தைக்குக் குருவே பொறுப்பு. போலீஸ் பக்கத்திலேயே நிற்கும்.

பழைய திருச்சபை வரலாறுகள் அந்தத் திருப்பலியின் பொருட்களைப் பற்றிச் சொல்வது நெஞ்சைத் தொடும். திருக்கிண்ணம் ஒரு கைதி தகரத்தில் அடித்துக் கொடுத்தது. பூசை உடைகள் யாரோ ஒருவர் வீட்டுப் பழைய டமாஸ்க் திரைச்சீலையை வெட்டித் தைத்தவை. பீடக்கல் கிடையாது. பொன்னோ வெள்ளியோ இல்லாத இடத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு பூசையை நடத்தியிருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தகரக் கிண்ணம் முக்கியம். இல்லாததை வைத்துச் சமாளிக்கும் பயிற்சி இந்த மக்களுக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

1804 மார்ச் 4 அன்று காசில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே படை அவர்களை அடக்கியது. ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சரணடையச் சொல்லிப் பேச டிக்சனையே படையினர் கூட்டிச் சென்றார்கள். அப்படியும் அவருக்குக் கொடுத்திருந்த அனுமதி பறிக்கப்பட்டது. அதன்பின் திருமுழுக்கும் திருமணமும் தனிப்பட்ட முறையில் நடந்தன. 1810க்குள் மூன்று குருக்களுமே அங்கிருந்து போய்விட்டார்கள். அடுத்த ஏழு ஆண்டுகள் யாரும் இல்லை.

1817: அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த குரு

1816இல் ரோம், ஜெரமையா ஓஃப்ளின் என்ற ஐரிஷ் குருவைப் புதிய ஹாலந்தின் பிரிஃபெக்ட் அப்போஸ்தலிக்காக நியமித்தது. ஆயர் இல்லாத மண்டலத்துக்கு ரோம் நேரடியாக வைக்கும் பொறுப்பாளர் என்று பொருள். ஆஸ்திரேலியாவை ஐரோப்பியர் அப்போது புதிய ஹாலந்து என்றும் அழைத்தார்கள். திருச்சபையின் பக்கம் அவருடைய ஆவணங்கள் சரியாகத்தான் இருந்தன. அரசின் பக்கம்தான் எதுவும் இல்லை. குடியேற்றத் துறை அமைச்சர் லார்டு பாதர்ஸ்ட்டிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அவருடைய கல்வித் தகுதி போதாது என்று அந்த அலுவலகம் கருதியது. லண்டனில் இருந்த ஆயரின் பரிந்துரையும் அவருக்கு இல்லை.

ஓஃப்ளின் ஐரிஷ் மொழியில் தேர்ந்தவர். ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. லண்டன் அலுவலகம் இதைக் குறையாகப் பார்த்தது. நியூ சவுத் வேல்ஸில் ஆங்கிலம் தெரியாமல், ஐரிஷ் மட்டுமே பேசும் கைதிகள் இருந்தார்கள். அவர்கள் தங்கள் மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்தத் தேவைக்கு இவர் பொருத்தமானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் எடுத்த முடிவு: அனுமதிக்குக் காத்திராமல் கப்பலேறுவது. 1817 நவம்பரில் சிட்னி வந்து, அனுமதிக் கடிதம் பின்னால் வருகிறது என்று கவர்னரிடம் சொன்னார். அப்படி ஒரு கடிதம் வழியில் இல்லை. தன்னை நம்பி எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம் அவருக்கு இருந்திருக்கும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை அவர் கையிலிருந்த எல்லாவற்றையும் பலவீனமாக்கிவிட்டது. மக்குவாரி ராணுவத்தில் வளர்ந்தவர், கட்டளைத் தொடருக்குள் வாழ்ந்தவர். அவரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அதற்கப்புறம் எந்த நியாயமும் எடுபடாது.

கவர்னர் எடுத்த முடிவு

மக்குவாரி முதலில் அவரைப் போகச் சொன்னார். பிறகு, லண்டனிலிருந்து பதில் வரும்வரை இருக்கலாம், பொதுவில் குருத்துவப் பணி செய்யக்கூடாது என்று விட்டார். ஓஃப்ளின் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார், திருமுழுக்குக் கொடுத்தார், மணம் முடித்துவைத்தார். சிட்னியில் இருந்த 48ஆம் ரெஜிமென்ட்டின் கத்தோலிக்கச் சிப்பாய்களிடமும் அவருக்குச் செல்வாக்கு ஏற்பட்டது. கவர்னரை உலுக்கியது இதுதான். கைதிகள் ஒரு குருவைச் சுற்றிக் கூடுவது ஒரு கவலை. கைதிகளைக் காக்கும் துப்பாக்கிக்காரர்களே அதே குருவிடம் போவது வேறு கவலை. காசில் ஹில்லின் நினைவு பதினான்கு ஆண்டுகளில் அழிந்திருக்கவில்லை.

மக்குவாரியைக் கத்தோலிக்கரின் பகைவர் என்று ஒரே கோட்டில் எழுதிவிடக் கூடாது. விடுதலையான கைதிகளை மதிப்போடு நடத்தியதற்காகத் தன் வகுப்பினரின் வெறுப்பைச் சம்பாதித்தவர் அவர். 1815இல் மெதடிஸ்ட் போதகர் சாமுவேல் லீ வந்தபோதும் முதலில் தயங்கினார். பிறகு ஒத்துழைப்புக் கொடுத்தார். ஓஃப்ளின் விஷயத்தில் அவர் மனம் இளகாததற்குச் சமய வெறுப்பைவிட மூன்று காரணங்கள் பெரிதாகத் தெரிகின்றன: காகிதம் இல்லை, சொன்னது பொய், சிப்பாய்கள் சேர்ந்துவிட்டார்கள்.

1818 மே நடுவில் ஓஃப்ளின் கைது செய்யப்பட்டார். அவரை இருக்க விடும்படி ஏறக்குறைய 400 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் கவர்னரிடம் போனது. கையெழுத்திட்டவர்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலம், வேலை, விடுதலைச் சான்று என்று எல்லாமே கவர்னரின் கையெழுத்தைச் சார்ந்திருந்த ஊர் அது. அவருடைய முடிவுக்கு எதிராகத் தங்கள் பெயரை எழுதிக் கொடுப்பது லேசான காரியமல்ல. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மே 20 அன்று டேவிட் ஷா என்ற கப்பலில் ஓஃப்ளின் வெளியேற்றப்பட்டார். 1831இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இறந்தார்.

வீட்டில் இருந்த நற்கருணை

அவர் திருப்பலி நிறைவேற்றிவந்த வீட்டில் நற்கருணை அப்படியே இருந்தது. வேண்டுமென்றே விட்டுச் சென்றார் என்று சிலரும், கைது திடீரென நடந்ததால் எடுக்க வழியில்லாமல் போயிற்று என்று சிலரும் எழுதுகிறார்கள். எப்படியானாலும், வீட்டுக்காரர் முன்னால் அன்று ஒரு கேள்வி நின்றது: இப்போது என்ன செய்வது?

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்க விசுவாசம். அதை நற்கருணைப் பேழையில் வைத்து, விளக்கேற்றி, வணங்குவார்கள். ஆனால் பொறுப்புக் குருவுக்கு உரியது. அவர் அவ்வப்போது பழையதை உட்கொண்டு புதியதை வைப்பார். குருவே இல்லாத ஊரில், ஒரு பொதுநிலையினரின் வீட்டில், மாதக்கணக்கில் நற்கருணை இருப்பதற்கு வழக்கமான ஒழுங்கில் இடமே இல்லை. கேட்டுத் தெளியவும் யாரும் இல்லை. ரோமுக்கு எழுதிப் பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

அவர்கள் முன் சில வழிகள் இருந்தன. யாராவது ஒருவர் பயபக்தியோடு உட்கொண்டு முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்துப் பேசாமல் இருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யாமல், வீட்டையே ஜெபக்கூடமாக்கினார்கள். ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் ஆட்கள் வந்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். குரு இல்லாவிட்டாலும் திருப்பலி ஜெபங்களைப் புத்தகத்திலிருந்து வாசித்தார்கள்.

ஏன் இந்த வழி? அவர்கள் எழுதிவைத்த காரணம் எதுவும் இல்லை. சூழ்நிலையிலிருந்துதான் ஊகிக்க முடியும். அயர்லாந்தில் கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் கடுமையாக இருந்த காலத்தில், திறந்த வெளியில் ஒரு பாறையைப் பீடமாக்கித் திருப்பலி கண்ட தலைமுறைகளின் பிள்ளைகள் இவர்கள். குரு துரத்தப்படுவதும், அவர் திரும்பி வரும்வரை குடும்பமே ஜெபத்தைத் தாங்கி நிற்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. பாட்டி சொல்லிக்கொடுத்த ஜெபமாலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு கூட்டமாகச் சேர்ந்து நிற்க ஓர் இடமும், வந்துபோகக் காரணமும் தேவைப்பட்டன. நற்கருணை இரண்டையும் கொடுத்தது.

ஆபத்தும் இருந்தது. வீட்டுக்காரர் 1798 கிளர்ச்சியின் பெயரால் நாடு கடத்தப்பட்டு, பிறகு விடுதலை பெற்று, சிட்னியில் காலூன்றியவர். அப்படிப்பட்டவர் வீட்டில் ஐரிஷ்காரர்கள் வாராவாரம் கூடுவது அதிகாரிகளின் கண்ணுக்கு எப்படிப் படும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே செய்தார். கவர்னர் தரப்பும் அந்தக் கூட்டங்களை அடித்துக் கலைக்கவில்லை. ஜெபமாலை சொல்லும் குடும்பங்களை ஆயுதக் கிளர்ச்சியாகச் சித்திரிப்பது கடினம். தலைமை தாங்குபவர் என்று பிடித்துக் கப்பலேற்றவும் அங்கே ஒருவர் இல்லை.

1819 நவம்பரில் பிரெஞ்சு ஆய்வுப் பயணி ஃப்ரேசினேயின் உரானி கப்பல் சிட்னி வந்தது. அதில் அபே தெ கெலன் என்ற கத்தோலிக்கக் குரு இருந்தார். சில மாதங்களுக்கு முன் ஹவாயில் தலைவர் போக்கிக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் இவர்தான். இவர் சிட்னியில் திருப்பலி நிறைவேற்றி, அங்கிருந்த நற்கருணையை உட்கொண்டார் என்பது ஒரு மரபு. அடுத்த ஆண்டு வந்த குருக்கள்தான் அதைக் கண்டெடுத்தார்கள் என்பது இன்னொரு மரபு. பக்தர்களிடையே இரண்டாவதே அதிகம் பரவியது. ஈரம் நிறைந்த துறைமுக ஊரில் அப்பம் இரண்டு ஆண்டுகள் கெடாமல் இருப்பதைவிட, வழியில் வந்த குரு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார் என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது. இதனால் வீட்டில் கூடியவர்களின் பெருமை துளியும் குறைவதில்லை.

லண்டனில் நடந்தது

ஓஃப்ளின் திரும்பிப் போனதால் விஷயம் அங்கே பேசப்பட்டது. அயர்லாந்தின் கார்க் நகரில், நாடு கடத்தலுக்குக் காத்திருந்த கைதிகளிடையே பணியாற்றிய ஜான் இங்கிலாந்து என்ற குரு இதைக் கையிலெடுத்தார். இவர் பின்னாளில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஆயரானவர். பாராளுமன்றத்தின் கீழவையிலும் கேள்வி எழுந்தது. ஆயிரக்கணக்கான கத்தோலிக்கரைக் கட்டாயமாக அனுப்பிவைத்துவிட்டு ஒரு குருவைக்கூட மறுப்பதற்கு அரசிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு குருக்களை ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளத்தோடு அனுப்ப பாதர்ஸ்ட் ஒப்புக்கொண்டார். கார்க்கிலிருந்து பெண் கைதிகளை ஏற்றிய ஜேனஸ் கப்பலில் ஃபிலிப் கானலி, ஜான் ஜோசப் தெரி என்ற இரு குருக்களும் புறப்பட்டு, 1820 மே 3 அன்று சிட்னி வந்தார்கள்.

அதன்பின்

மக்குவாரி அவர்களை மரியாதையோடு வரவேற்றார். கூடவே விதிகளும் கொடுத்தார். புரொட்டஸ்டன்ட்டுகளை மதம் மாற்றக்கூடாது. கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டன்ட்டுக்கும் மணம் முடித்துவைக்கக்கூடாது. அரசு அநாதைப் பள்ளிகளின் சமயக் கல்வியில் தலையிடக்கூடாது. இந்தக் கடைசி விதி பெற்றோரின் பழைய காயத்தை அப்படியே விட்டுவைத்தது.

1821இல் கானலி வான் டீமன்ஸ் லாண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்குப் போனார். தெரி சிட்னியில் தனியாக நின்று, குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். 1821 அக்டோபர் 29 அன்று ஹைட் பார்க் ஓரத்தில் புனித மரியாள் கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் மக்குவாரி. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் குருவை வெளியேற்றிய அதே கவர்னர். முறையான ஆணையோடு வந்தவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம், ஓஃப்ளின் விவகாரத்தில் காகிதத்துக்கு இருந்த எடையைக் காட்டுகிறது.

வழி அதோடு சீராகிவிடவில்லை. 1825இல் செய்தித்தாளில் வந்த ஒரு வாசகத்தால் எழுந்த சச்சரவில் தெரி அரசுப் பதவியை இழந்தார். சம்பளம் இல்லாமலே மக்களிடையே பணியைத் தொடர்ந்தார். 1828 கணக்கெடுப்பில் 36,598 பேரில் 11,236 பேர் கத்தோலிக்கர். 1835இல் ஆயர் போல்டிங் வந்தார். 1836இல் கவர்னர் பர்க் கொண்டுவந்த திருச்சபைச் சட்டம் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பிரெஸ்பிட்டீரியன் என்று பார்க்காமல், மக்கள் திரட்டும் பணத்துக்கு ஈடாகக் கோயில் கட்ட உதவி கொடுத்தது.

வேறாக நடந்திருந்தால்

ஓஃப்ளின் கார்க்கில் சில மாதங்கள் காத்திருந்து, அயர்லாந்து ஆயர்களின் பரிந்துரையோடு மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். ஜான் இங்கிலாந்து பிறகு செய்ததெல்லாம் 1816இலேயே செய்யக்கூடியதுதான். ஆனால் அவர் வெளியேற்றப்பட்ட செய்திதான் பாராளுமன்றத்தை அசைத்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அமைதியான மனுக்களுக்கு அந்த அலுவலகம் முப்பது ஆண்டுகள் செவிசாய்க்கவில்லை.

மக்குவாரிக்கும் நடுவழி ஒன்று இருந்தது. 1803இல் கிங் செய்ததுபோல் இடமும் நேரமும் குறித்து, காவல் வைத்து, தற்காலிக அனுமதி கொடுத்துவிட்டு லண்டனுக்கு எழுதியிருக்கலாம். 400 பேரின் விண்ணப்பம் அதற்குப் போதுமான காரணம். சிப்பாய்கள் பற்றிய கவலைக்கும் திறந்த வெளியில் நடக்கும் திருப்பலிதான் மருந்து. வீட்டுக்குள் ஒளிந்து நடப்பதைக் கண்காணிப்பது இன்னும் கடினம்.

வீட்டில் கூடியவர்கள் எடுத்த முடிவில் எதையும் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒன்றைத் தவிர. அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. அதனால் அது எந்த வீடு என்பதே இன்றுவரை தகராறில் இருக்கிறது. சர்ச் ஹில்லில் இருந்த வீடு என்று ஒரு தரப்பு, கென்ட் தெரு வீடு என்று இன்னொரு தரப்பு. இரண்டு வீட்டுக்காரர்களுமே 1798 கிளர்ச்சியின் பெயரால் நாடு கடத்தப்பட்டவர்கள், இருவருமே திருச்சபைக்கு வாரி வழங்கியவர்கள். சர்ச் ஹில்காரர் கொடுத்த நிலத்தில் 1840இல் அடிக்கல் நாட்டி, 1844இல் புனித பேட்ரிக் கோயில் திறக்கப்பட்டது. அதனால் பொதுமக்களின் நினைவு அந்தப் பக்கமே சாய்ந்தது. கென்ட் தெரு வீட்டிலும் ஜெபக்குழு கூடியது உண்மை. நற்கருணை ஒன்றில் இருந்து கூட்டம் இரண்டிலும் நடந்திருக்கலாம். யார் வந்தார்கள், எந்த ஞாயிறு, எந்த வீடு என்று ஒருவர் ஒரு தாளில் குறித்திருந்தால் போதும். இரண்டு குடும்பங்களின் வழித்தோன்றல்களும் ஆய்வாளர்களும் இத்தனை தலைமுறைகள் வாதிட வேண்டி வந்திருக்காது.